ஸ்ட்ரிங்ஸில் கீபோர்டு வாடை போக: சாம்பிள் லைப்ரரியை வில் பிடித்து வாசிப்பது எப்படி

நல்ல ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி ஒன்றைத் திறந்து இரண்டு கையாலும் ஒரு கார்டு பிடித்தால் முதல் நொடி பிரமாதமாக இருக்கும். நாலாவது நொடியில் ஆர்மோனியம் எட்டிப் பார்க்கும். குறை பதிவில் இல்லை. தேர்ந்த கலைஞர்கள் நல்ல அரங்கில் வாசித்ததைத்தான் அதற்குள் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்ட வேண்டியது நாம்.

வயலின்காரர் ஒரு சுரத்தை எடுத்தால் வில் நகரத் தொடங்குகிறது, வேகம் பிடிக்கிறது, அழுத்தம் கூடிக் குறைகிறது, நுனிக்குப் போய்த் திரும்புகிறது. கீபோர்டில் கட்டை அமுங்குகிறது, எழும்புகிறது. நடுவில் ஒன்றும் நடப்பதில்லை. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த நடுப்பகுதியைக் கையால் நிரப்பும் வழிகள். இதைச் செய்யாமல் விலை கூடிய லைப்ரரி வாங்கினாலும், ரிவெர்பைக் கூட்டினாலும், அதே குறை இன்னும் பெரிய அரங்கில் கேட்கும். அவ்வளவுதான்.

மேசையில் இருக்க வேண்டியவை

பதிவு மென்பொருள் கியூபேஸ், லாஜிக், ரீப்பர் எதுவானாலும் சரி. கையில் லைப்ரரி இல்லாதவர்கள் ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் பதிப்பில் தொடங்கலாம். லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவானது, இலவசம், அளவும் 200 எம்பி அளவில்தான். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் எனத் தனித்தனிப் பேட்ச்கள் (ஏற்றி வாசிக்கும் ஒலித் தொகுப்புகள்) கிடைப்பது அதன் பெரிய வசதி. உண்மையான லெகாட்டோ (சுரங்களை அறுபடாமல் இணைக்கும் வாசிப்பு) அதில் இல்லை. அதைச் சமாளிக்கும் வழி பின்னால் வருகிறது.

லைப்ரரியைவிட முக்கியமானது ஒரு ஃபேடர், அதாவது விரலால் மேலும் கீழும் தள்ளும் கட்டுப்பாடு. கீபோர்டின் மாடுலேஷன் வீலே போதும் என்றாலும் அதன் ஓட்டம் சிறியது, நுணுக்கம் கைக்கு வராது. எட்டு ஃபேடர் உள்ள கோர்க் நானோகண்ட்ரோல்2 மாதிரியான சின்னப் பெட்டி ஒன்று இருந்தால் ஒரு விரல் சிசி1-இலும் இன்னொரு விரல் சிசி11-இலும் வைத்து வாசிக்கலாம். சிசி என்பது மிடியில் (வாசிப்பைக் கணினிக்குச் சொல்லும் குறியீட்டில்) ஒரு கட்டுப்பாட்டு எண்; இவை இரண்டும் என்ன செய்கின்றன என்பது மூன்றாம் படியில். மவுஸால் கோடு வரைந்தும் செய்ய முடியும். ஆனால் வரைபவர் கண்ணுக்கு அழகான வளைவை வரைவார். ஃபேடரைத் தள்ளுபவர் காதுக்குத் தேவையானதைத் தள்ளுவார்.

பயிற்சிக்கு நான்கு பார்

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். டி மைனர், நாலுக்கு நாலு, வேகம் 72. கார்டுகள்: டி மைனர், பி ஃப்ளாட் மேஜர், ஜி மைனர், ஏ மேஜர், ஒவ்வொன்றும் ஒரு பார், அதாவது நான்கு பீட். இந்த வேகத்தில் ஒரு பீட் 833 மில்லி நொடி, ஒரு பார் சுமார் 3.3 நொடி. அந்த 3.3 நொடி பின்னால் தேவைப்படும்.

எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே நடு சி என்பது சி4, அதாவது மிடி எண் 60. கியூபேஸும் லாஜிக்கும் அதே கட்டையைச் சி3 என்று காட்டும். அங்கே வேலை செய்பவர்கள் கீழே சுரப் பெயரோடு வரும் எல்லா எண்ணிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

1. கார்டைப் பிரித்து ஆளுக்கொரு வரி கொடுங்கள்

பெரிய சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, பேஸ் 8 என்று உட்காருவது வழக்கம். முதல் வயலின் பேட்சில் நான்கு சுரக் கார்டு பிடித்தால் 64 வயலின்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. ஒலி தடித்து, கலங்கி, யாரும் எங்கும் நகராத ஒரு மூட்டமாகிவிடும். உண்மையில் அந்த 16 பேரை நான்காகப் பிரித்தால் ஒரு சுரத்துக்கு நாலு பேர்தான் இருப்பார்கள், ஒலி மெலியும். எனவே விதி: ஒரு டிராக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம். ஸ்ட்ரிங்ஸ் முழுவதையும் ஒரே கீபோர்டில் பரப்பி வைக்கும் என்செம்பிள் பேட்ச் யோசிக்கும்போது உதவும். முடிந்த வேலையில் அதற்கு இடமில்லை.

நம் நான்கு பார் இப்படிப் பிரிகிறது:

- முதல் வயலின்: முதல் பாரில் டி5 இரண்டு பீட், எஃப்5 ஒன்று, இ5 ஒன்று. இரண்டாம் பாரில் டி5 மூன்று, சி5 ஒன்று. மூன்றாம் பாரில் பி ஃப்ளாட்4 இரண்டு, டி5 இரண்டு. நான்காம் பாரில் சி ஷார்ப்5 முழுவதும்.
- இரண்டாம் வயலின்: எஃப்4, எஃப்4, ஜி4, இ4.
- வயோலா: ஏ3, பி ஃப்ளாட்3, பி ஃப்ளாட்3, ஏ3.
- செல்லோ: டி3, பி ஃப்ளாட்2, ஜி2, ஏ2.
- பேஸ்: செல்லோவுக்கு ஒரு ஆக்டேவ் கீழே. டி2, பி ஃப்ளாட்1, ஜி1, ஏ1.

வயோலா வரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான்கு பாரில் அரை சுரம் மேலே போய் அரை சுரம் கீழே வருகிறது, அவ்வளவே. செல்லோ கீழே இறங்கும்போது வயோலாவோ இரண்டாம் வயலினோ மேலே போகிறது. பியானோவில் கையை அப்படியே நகர்த்தி அடுத்த கார்டு பிடித்தால் எல்லாக் குரலும் ஒரே திசையில் ஓடும். எந்த லைப்ரரியிலும் அது கீபோர்டாகவே கேட்கும். ஸ்ட்ரிங்ஸ் சிந்தசைசர் மாதிரி இருக்கிறது என்று வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் சாம்பிள் இல்லை, இந்த எழுத்துதான்.

கீழ்ப்பகுதியில் இடைவெளி அகலமாக இருக்கட்டும். சி3-க்குக் கீழே செல்லோவும் பேஸும் மூன்றாம் இடைவெளியில் வாசித்தால் உறுமல் மட்டுமே மிஞ்சும். கருவிகளின் அடி எல்லையும் மனதில் இருக்க வேண்டும்: வயலின் ஜி3, வயோலா சி3, செல்லோ சி2, பேஸ் இ1. கூடுதல் நீட்டிப்பு உள்ள பேஸ் சி1 வரை இறங்கும். பேஸ் நோட்டேஷனில் ஒரு ஆக்டேவ் மேலே எழுதப்படுவதால், அச்சிட்ட ஸ்கோரைப் பார்த்து உள்ளிடுபவர்கள் ஒரு ஆக்டேவ் தவறவிடுவது சகஜம்.

இரண்டாம் வயலினுக்குத் தனிப் பதிவு இல்லாத லைப்ரரிகளில் முதல் வயலின் பேட்சையே நகலெடுக்கிறார்கள். இரண்டு டிராக்கும் ஒரே சுரத்தைத் தொடும் இடங்களில் அதே பதிவு இரண்டு முறை ஒலித்து, ஆள் கூடுவதற்குப் பதில் ஒலி மட்டும் கூடும், அல்லது குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் பொள்ளலாகும். தப்பிக்க வழி: இரண்டாவது நகலில் மிடியை ஒரு முழுச் சுரம் மேலே ஏற்றி, பேட்சின் டியூனிங்கை இரண்டு செமிடோன் கீழே இறக்குங்கள். கேட்பது அதே சுரம். ஒலிப்பது பக்கத்துச் சுரத்தின் பதிவு.

2. எந்த வில் வீச்சு என்று முடிவு செய்யுங்கள்

நீண்ட, இணைந்த சுரங்களுக்கு லெகாட்டோ. துள்ளும் சின்னச் சுரங்களுக்கு ஸ்பிக்காட்டோ. நிறுத்தி அடிக்கும் தொடக்கத்துக்கு மார்க்காட்டோ. விரலால் மீட்ட பிட்ஸிக்காட்டோ. ஒரே மெட்டில் இவை மாறி மாறி வரும். முழு வரியையும் ஒரே பேட்சில் ஓட்டிவிடுவது சோம்பல். கீஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றுவதற்கென ஒதுக்கிய கட்டை) வைத்து ஒரே டிராக்கில் மாற்றலாம், ஆனால் நீளச் சுரங்களுக்கு ஒரு டிராக், குட்டைச் சுரங்களுக்கு ஒரு டிராக் என்று பிரித்து வைத்தால் தாமதத்தைச் சரிசெய்யும்போது நிம்மதி.

லெகாட்டோவின் தொடக்கம் மழுங்கலாக இருந்தால் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அடியில் ஒரு ஸ்பிக்காட்டோவை வெலாசிட்டி (கட்டையைத் தட்டும் வேகம்) 40 முதல் 50-க்குள் சேர்க்கலாம். தனியாகக் கேட்கக் கூடாது. எடுத்துவிட்டால் குறை தெரிய வேண்டும். அந்த அளவு.

3. சிசி1: வில்லின் அழுத்தம் இங்கேதான் இருக்கிறது

நேரம் குறைவாக இருந்தால் மற்றதைத் தள்ளிப்போடுங்கள். இதைத் தள்ள வேண்டாம்.

பெரும்பாலான லைப்ரரிகளில் நீளச் சுரங்களின் உரப்பை வெலாசிட்டி தீர்மானிப்பதில்லை. மெதுவாக, நடுத்தரமாக, உரக்க என்று ஒரே சுரத்தை இரண்டு அல்லது மூன்று முறை பதிவு செய்திருப்பார்கள். சிசி1 அந்தப் பதிவுகளுக்கிடையே நம்மை நகர்த்துகிறது. அதனால் சிசி1 ஏறும்போது ஒலி அளவு மட்டுமல்ல, நிறமும் மாறும்: அழுத்தி இழுத்த வில்லின் கூர்மை வரும். சிசி11 அப்படியில்லை, அது வெறும் வால்யூம். சிசி11-ஐ மட்டும் ஏற்றினால் மெல்ல வாசித்ததை டேப்பில் கூட்டி வைத்த மாதிரி இருக்கும். சிசி7 டிராக்குகளுக்கிடையேயான சமநிலைக்கு. ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடலாம். சில நிறுவனங்கள் இந்த எண்களை மாற்றி வைத்திருக்கும், லைப்ரரியின் கையேட்டில் முதல் சில பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

செய்முறை:

சிசி11-ஐ எல்லா டிராக்கிலும் 100-இல் நிறுத்துங்கள். முதல் வயலினின் சுரங்களை உள்ளிட்டு, டிராக்கை ஓடவிட்டு, ஃபேடரை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அப்போது வாயால் அந்த வரியை முனகுங்கள். குரல் எங்கே தானாகப் பெருகுகிறதோ அங்கே விரல் போகட்டும். முதல் முறை கோணலாக வரும். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வது, வந்ததைத் திருத்துவதைவிட வேகமானது.

நம் உதாரணத்துக்குத் தோராயமான எண்கள்: முதல் பார் 45-இல் தொடங்கி எஃப்5 வரும்போது 62, இ5-க்கு 55. இரண்டாம் பாரின் நீண்ட டி5 52-இல் நுழைந்து மூன்றாவது பீட்டை நெருங்கும்போது 70, பிறகு சி5-இல் 58. மூன்றாம் பார் முழுவதும் ஏற்றம்: 60-இலிருந்து 84. நான்காம் பாரின் சி ஷார்ப்5 88-இல் விழுந்து பார் முடிவதற்குள் 40-க்கு இறங்கும். அந்தக் கடைசி இறக்கத்தில் முழுதாக மறைய வேண்டுமென்றால் சிசி1 40-ஐத் தொட்ட பிறகு சிசி11-ஐயும் 100-இலிருந்து 30-க்கு இழுங்கள். சிசி1 பூஜ்யத்தில்கூடப் பல பேட்ச்கள் மௌனமாவதில்லை.

இந்த எண்களைவிட வடிவம்தான் கவனிக்க வேண்டியது. ஒரு நீண்ட சுரத்தின் உச்சி நடுவில் வந்தால் ஊதிய பலூன் மாதிரி எல்லாச் சுரமும் ஒரே உருவமாகிவிடும். உச்சி மூன்றில் இரண்டு பங்கு தாண்டி வரட்டும், இறக்கம் ஏற்றத்தைவிடச் செங்குத்தாக இருக்கட்டும். சுரத்துக்குச் சுரம் வளைவு என்பதற்கு மேலே, நான்கு பாருக்கும் சேர்த்து ஒரு பெரிய வளைவு இருக்க வேண்டும். மேலே உள்ள எண்களில் உச்சி நான்காம் பாரின் தொடக்கம்; மற்றவை அதை நோக்கிப் போகின்றன.

புதியவர்கள் எல்லாவற்றையும் 110-க்கு மேல் வைத்துவிடுகிறார்கள், உரக்க இருந்தால் உண்மையாகத் தெரியும் என்று. ஃபுல் அழுத்தப் பதிவு பாட்டின் ஓரிரு இடத்துக்கானது. 40-இலிருந்து 90-க்குள் பெரும்பாலான வேலையை முடித்தால் உச்சிக்கு இடம் மிஞ்சும்.

இந்த வளைவை அப்படியே மற்ற டிராக்குகளில் ஒட்டக் கூடாது. இரண்டாம் வயலினும் வயோலாவும் 10 முதல் 15 வரை கீழே இருக்கட்டும். தங்களிடம் சுரம் மாறும் இடத்தில் மட்டும் தலை தூக்கட்டும். மூன்றாம் பாரின் ஏற்றத்தைச் செல்லோ அரை பீட் முன்னதாகத் தொடங்கினால் கீழிருந்து தூக்கிவிடுவது போன்ற உணர்வு வரும். பேஸ் குறைவாக அசைந்தால் போதும். ஐந்து டிராக்குக்கும் ஐந்து முறை ஃபேடர் பதிவு. நான்கு பாருக்கு அது சில நிமிட வேலை.

தனி வயலின், தனி செல்லோ பேட்ச்களில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் எல்லையில் இரண்டும் சேர்ந்து ஒலிக்க, ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். குழுப் பேட்சில் இது மறைந்துவிடும், தனிக் கருவியில் காட்டிக்கொடுக்கும். ஃபேடரை மெல்ல நகர்த்தி அந்த எல்லை எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வாசிக்கும்போது அங்கே நிற்காமல் வேகமாகக் கடந்துவிடுங்கள்.

4. வில்லுக்கு நீளம் ஒன்று உண்டு

வயலின் வில் ஏறத்தாழ 75 செண்டிமீட்டர். மெல்ல இழுத்தால் பத்து நொடி தாங்கும். உரக்க இழுத்தால் மூன்று நான்கு நொடியில் தீர்ந்துவிடும், திருப்பியாக வேண்டும். நம் வேகத்தில் ஒரு பார் 3.3 நொடி என்பதால் நடுத்தர உரப்பில் பாருக்கு ஒரு வில் சரியான கணக்கு. நான்காம் பாரின் சி ஷார்ப் உரக்கத் தொடங்குவதால் அங்கேயும் ஒரு வில்லே போதும், அதுவும் மெலிந்துகொண்டே போகிறது. இதே உரப்பில் எட்டு பார் ஒரு சுரத்தை நிறுத்தினால் மனிதர் யாரும் அப்படி வாசிக்க மாட்டார் என்று கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே தோன்றும்.

வில் திரும்புவதைக் காட்ட, சுரத்தை அங்கே வெட்டிப் புதிய சுரமாக்கி, வெட்டுக்குச் சற்று முன் சிசி1-ஐ 8 முதல் 12 அளவு 100 மில்லி நொடிக்குள் இறக்கி ஏற்றுங்கள். எல்லா டிராக்கும் ஒரே நேரத்தில் செய்தால் மூச்சு வாங்குவது மாதிரி இருக்கும். வாக்கியம் முடியும் இடத்தில் அது நல்லதுதான். வாக்கியத்தின் நடுவில் வேண்டாம். ஆர்கெஸ்ட்ராவில் நீண்ட சுரங்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் வேண்டுமென்றே வெவ்வேறு நேரத்தில் வில் திருப்புவார்கள். டிராக்குகளிலும் அந்தச் சின்னச் சரிவை ஒரு பீட் தள்ளித் தள்ளி வையுங்கள்.

கீழ்நோக்கி இழுக்கும் வில் இயல்பிலேயே கனமானது, மேல்நோக்கித் தள்ளுவது லேசானது. எனவே அழுத்தமான பீட்டில் கீழ்வில், அதற்கு முந்திய எடுப்புச் சுரத்தில் மேல்வில். லைப்ரரியில் இரண்டும் தனித்தனியாக இல்லாவிட்டாலும் சிசி1-இல் அந்த வித்தியாசத்தைக் காட்டலாம்.

5. லெகாட்டோ: ஒட்டும் இடமும் தாமதமும்

லெகாட்டோ பேட்சில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழுக்கல் தனியாகப் பதிவாகியிருக்கும். அது வேலை செய்ய, முதல் சுரம் முடிவதற்குள் அடுத்தது தொடங்க வேண்டும். 20 முதல் 40 மில்லி நொடி மேலேற்றம் போதும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்தாலும் லெகாட்டோ அறுந்து, ஒவ்வொரு சுரமும் புதிதாகத் தொடங்கும். குவாண்டைஸ் செய்த (சுரங்களைத் தாளக் கட்டத்தில், அதாவது கிரிட்டில், பொருத்திய) பிறகு நீளங்களைக் கட்டாயம் சரிபாருங்கள். அதே சுரம் இரண்டு முறை வரும்போது மட்டும் இடைவெளி விட வேண்டும், அல்லது அந்த லைப்ரரி ஒப்புக்கொண்டால் சஸ்டெய்ன் பெடலை மிதித்துக்கொண்டு மறுபடி தட்ட வேண்டும்.

லெகாட்டோ பேட்சில் வெலாசிட்டி பல லைப்ரரிகளில் மாற்றத்தின் வேகத்தைக் குறிக்கும். மெல்லத் தட்டினால் நீளமான வழுக்கல், ஓங்கித் தட்டினால் சட்டென்ற தாவல். அந்த வழுக்கலுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் கட்டையைத் தட்டியதற்கும் புதிய சுரம் நிலைப்பதற்கும் இடையே 60-இலிருந்து 300 மில்லி நொடிவரை போய்விடுகிறது. கிரிட்டில் சரியாக வைத்த மெட்டு எப்போதும் தாளத்துக்குப் பின்னால் இழுபடுவது இதனால்தான்.

அளப்பது எளிது. ஒரு பீட்டுக்கு ஒரு சுரம் வீதம் எட்டுச் சுரங்களைக் கிரிட்டில் வைத்து ஆடியோவாக ஏற்றுமதி செய்து, அலைவடிவத்தில் புதிய சுரம் கோட்டுக்கு எவ்வளவு பின்னால் நிலைக்கிறது என்று பாருங்கள். அந்த அளவை அந்த டிராக்கின் டிலே பெட்டியில் கழித்தல் குறியோடு உள்ளிடுங்கள். உதாரணமாக மைனஸ் 150 மில்லி நொடி. ஆனால் வாக்கியத்தின் முதல் சுரத்துக்கு முன்னால் வழுக்கல் கிடையாது, எனவே அது அவ்வளவு தாமதிப்பதில்லை. டிராக்கை முன்னால் இழுத்ததும் அந்த ஒரு சுரம் மட்டும் முந்திக்கொண்டு ஒலிக்கும். அதைக் கையால் பின்னுக்குத் தள்ளுங்கள்.

தாமதமுள்ள பேட்சை நேரலையாக வாசிப்பது எரிச்சல். ஸ்டக்காட்டோ பேட்சிலோ பியானோவிலோ வாசித்துப் பதிவு செய்துவிட்டு, மிடியை லெகாட்டோ டிராக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்கவர் மாதிரி லெகாட்டோ இல்லாத இடத்தில்: லாங் சுரங்களை 50 மில்லி நொடி மேலேற்றி, புதிய சுரம் நுழையும் கணத்தில் சிசி1-ஐ 10 அளவு இறக்கி உடனே மீட்டெடுங்கள். புதிய வில்லின் தொடக்கம் அந்தப் பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். மெதுவான மெட்டில் இது தாராளமாகப் போதும்.

6. குட்டைச் சுரங்கள்

இங்கே நிலைமை தலைகீழ்: உரப்பு வெலாசிட்டியில். வேகம் 120-இல் பதினாறாம் சுரம் (கால் பீட் நீளம்) ஒன்றுக்கு 125 மில்லி நொடிதான் கிடைக்கும். நாலு சுரத்துக்கும் 100 வெலாசிட்டி கொடுத்தால் தையல் மெஷின்தான் ஓடும். 92, 60, 72, 58 என்று தொடங்கி, அடுத்த நாலில் கொஞ்சம் மாற்றி, பாரின் முதல் அடியை மட்டும் இன்னும் 8 ஏற்றுங்கள். மேலே மெட்டு பெருகும்போது வெலாசிட்டியும் பொதுவாக ஏறட்டும்.

ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும்போது லைப்ரரி ஒவ்வொரு தடவையும் வேறு பதிவை எடுக்கும். அதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். மூன்று நான்கு பதிவுகளே இருந்தால் சுழற்சி காதில் படும். நடுவில் ஒரு சுரத்தை விட்டுவிடுங்கள், அல்லது ஒன்றை ஆக்டேவ் மாற்றுங்கள்.

பேஸின் தடித்த தந்தி பேச நேரமெடுக்கும். வயலின் பதினாறாம் சுரம் ஓடும்போது பேஸுக்கும் அதையே கொடுத்தால் கீழே சேறாகும். செல்லோவுக்கு அரை பீட் நீளச் சுரம், பேஸுக்கு ஒரு பீட் நீளச் சுரம். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுபவர்கள் நிஜ வாத்தியங்களுக்கே இப்படித்தான் எழுதுகிறார்கள்.

7. விப்ராட்டோ

லைப்ரரி அனுமதித்தால், நீண்ட சுரத்தை விப்ராட்டோ (சுரத்தில் வரும் மெல்லிய நடுக்கம்) இல்லாமல் தொடங்கி முதல் பீட் தாண்டியதும் மெல்லக் கொண்டுவாருங்கள். வயலினின் ஜி3, செல்லோவின் சி2 போன்ற அடித்தந்திச் சுரங்களை விரல் வைக்காமல்தான் வாசிக்க முடியும் என்பதால் அங்கே நடுக்கம் இருக்கக் கூடாது.

8. காலம்

மென்பொருளின் ஹியூமனைஸ் பொத்தானை நம்ப வேண்டாம். அது சுரங்களைச் சீட்டு குலுக்கிப் போட்டது மாதிரி சிதறடிக்கும். குழுவாக வாசிப்பவர்கள் அப்படிச் சிதறுவதில்லை, சேர்ந்து சாய்வார்கள். வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் வாசித்து, குவாண்டைஸை 60 முதல் 70 சதவீத வலிமையில் மட்டும் போடுங்கள். மிச்சமிருக்கும் 5 முதல் 15 மில்லி நொடி வேறுபாடே போதும்.

அதைவிடப் பலன் தருவது டெம்போ டிராக். நம் நான்கு பாரில் முதல் இரண்டு 72-இல் இருக்கட்டும், மூன்றாம் பாரில் 74 வரை ஏறட்டும், நான்காம் பாரின் இரண்டாவது பீட்டிலிருந்து 64-க்கு இறங்கட்டும். சிசி1 வளைவும் டெம்போவும் ஒரே இடத்தை நோக்கிப் போகும்போது, கண்டக்டர் ஒருவர் முன்னால் நிற்பது மாதிரி ஆகிவிடும். திரைப்பாட்டில் ரிதம் டிராக் நிலையான வேகத்தில் கட்டப்பட்டிருந்தால் இதைச் செய்ய முடியாது. தாளம் இல்லாத முன்னிசையிலும் இடையிசையிலும் செய்யலாம்.

9. அரங்கும் ஈக்யூவும்

பல லைப்ரரிகளில் குழுக்கள் மேடையில் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே பதிவாகியிருக்கும்: முதல் வயலின் இடப்பக்கம், செல்லோவும் பேஸும் வலப்பக்கம். அவற்றை மறுபடி பேன் செய்தால் இடம் குழம்பும். ரிவெர்ப் சேர்ப்பதானால் ஐந்து டிராக்குக்கும் ஒரே சென்ட் (டிராக்கின் ஒலியை ரிவெர்புக்கு அனுப்பும் பாதை) வழியாக ஒரே அரங்கு. நீளம் 2 நொடி அளவில் போதும். வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் அரங்கில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. ரிவெர்ப் திரும்பும் பாதையில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். உலர்ந்த பதிவை அரங்கோடு வந்த பதிவுடன் கலக்கும்போது, உலர்ந்ததற்கு மட்டும் சென்ட்டைக் கூட்டுங்கள்.

ஈக்யூ குறைவாக. வயலினின் அடிச்சுரமே 196 ஹெர்ட்ஸ் என்பதால் 150-க்குக் கீழே உள்ளதை எடுத்துவிடலாம். உரத்த இடங்களில் காது குத்தினால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் 2 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் சிசி1-ஐ அதிகம் ஏற்றிவிட்டீர்கள். அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.

கமகம் வேண்டும் என்றால்

நம்மூர் மெட்டுகளில் இந்தக் கேள்வி வந்தே தீரும். குழு லெகாட்டோவில் பதிவாகியிருப்பது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கான நேரான பாதை. அதைப் பிட்ச் பெண்ட் வீலால் அசைத்தால் பதினாறு பேரும், அவர்களோடு பதிவான அரங்கின் எதிரொலியும் சேர்ந்து ஒரே மாதிரி அசையும், கேட்பது சைரன். தோடியின் காந்தாரத்தையோ பைரவியின் நிஷாதத்தையோ அப்படி எடுக்க முடியாது. குழு நிற்கும் சுரங்களை மட்டும் வாசிக்கட்டும். கமகமுள்ள வரியை ஒரு நிஜ வயலினுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கமகம் இல்லாத வரிக்கும் இந்த உபாயம் உதவும். முதல் வயலின் வரியை மட்டும் ஒருவரை வைத்து மூன்று நான்கு டேக் எடுத்துச் சாம்பிளுக்கு மேலே போட்டால் ஐந்து டிராக்குக்கும் உயிர் வந்துவிடும். வாசிப்பவருக்கு டெம்போ மாற்றங்களோடு கூடிய கிளிக்கும், வில் திரும்பும் இடங்கள் குறித்த நோட்ஸும் கொடுங்கள். மைக் வயலினுக்கு மேலே, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி. ஒவ்வொரு டேக்குக்கும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், முடிந்தால் ஒரு டேக்கை வேறு தந்தியில் வாசிக்கச் சொல்லுங்கள். அப்படி மாற்றாமல் ஒரே ஆள், ஒரே வயலின், ஒரே இடம் என்று அடுக்கினால் மறுபடி அந்தப் பொள்ளல் ஒலி வந்துவிடும். கலவையில் இந்த டேக்குகள் சாம்பிள் குழுவைவிட 6 முதல் 8 டெசிபல் கீழே இருக்கட்டும். பிறகு நிஜ வயலினின் அலைவடிவத்தைத் திரையில் மேலே வைத்து, அது எங்கே பெருகி எங்கே சுருங்குகிறதோ அதற்கு ஏற்ப முதல் வயலின் டிராக்கின் சிசி1-ஐ மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டாம் வயலினும் வயோலாவும் அதற்குப் பிறகு.